தண்ணீரில் மூழ்கிய கார்ட்லெஸ் டிரில் பேட்டரி: எதைக் காப்பாற்றலாம், எதைத் தூக்கிப் போட வேண்டும்

கேள்வி சுருக்கமாக இது: தரைமட்டத்தில் இருக்கும் தச்சுப் பட்டறைக்குள் மழைத் தண்ணீர் புகுந்து, 18 வோல்ட் கார்ட்லெஸ் டிரில்லின் பேட்டரி இரவு முழுக்க மூழ்கிக் கிடந்திருக்கிறது. எடுத்து இரண்டு நாள் வெயிலில் காயவைத்துச் சார்ஜரில் மாட்டினால் சிவப்பும் பச்சையும் மாறி மாறி மின்னுகிறது, சார்ஜ் ஏறவில்லை. பிரித்துச் சுத்தம் செய்தால் ஓடுமா? வீடியோக்களில் காட்டுகிற மாதிரி வேறொரு நல்ல பேட்டரியிலிருந்து கம்பி கொடுத்து உசுப்பிவிடலாமா?

ஓட வாய்ப்பிருக்கிறது. ஆனால் ஓடுமா ஓடாதா என்பதைச் சார்ஜரில் போட்டுப் போட்டுப் பார்த்து முடிவு செய்யாதீர்கள். சார்ஜர் இப்போது மறுப்பது உங்களுக்கு நல்லதுதான் செய்கிறது. மறுபடி மறுபடி மாட்டினால் இன்னொரு நஷ்டமும் உண்டு: சில பேக்குகளின் (பல செல்களைச் சேர்த்துக் கட்டிய முழு பேட்டரிதான் பேக்) உள்ளே செல்களைக் கண்காணிக்கும் மின்னணுப் பலகையான போர்டு தோல்விகளை எண்ணிக்கொண்டே வந்து, ஓர் அளவுக்கு மேல் தன்னைத்தானே நிரந்தரமாகப் பூட்டிக்கொள்ளும். அப்புறம் உள்ளே செல் எல்லாம் நன்றாக இருந்தாலும் அந்தப் போர்டு சார்ஜ் ஏற்காது.

கம்பி கொடுத்து உசுப்புவது வேண்டவே வேண்டாம். அது நெடுநாள் சும்மா கிடந்து எல்லா செல்லும் ஒரே அளவில் இறங்கிப்போன பேட்டரிக்குச் சொல்லும் வைத்தியம். தண்ணீர் புகுந்த பேட்டரியில் ஒரு செல் காலியாகவும் மற்றவை முக்கால்வாசி நிறைந்தும் இருக்கலாம். மொத்தமாகக் கரண்ட் தள்ளினால், நிறைந்திருக்கும் செல்கள் தங்கள் எல்லையான 4.2 வோல்ட்டைத் தாண்டிப் போகும். காலியானது ஏற்கெனவே உள்ளுக்குள் கெட்டிருந்தால் சூடேறும். இரண்டில் எது நடந்தாலும் தீ வரைக்கும் போகலாம்.

அதனால் முதல் வேலை, பேட்டரியை வீட்டுக்கும் பட்டறைக்கும் வெளியே, நிழலான சிமெண்டுத் தரையில், பக்கத்தில் மரத்தூளோ தின்னரோ எதுவும் இல்லாத இடத்தில் வைப்பது. நனைந்த லித்தியம் பேட்டரி அன்றைக்கு எதுவும் செய்யாமல் இருந்துவிட்டுப் பல நாள் கழித்துப் பற்றிக்கொள்ளக் கூடியது. 2022-ல் அமெரிக்காவின் ஃபுளோரிடாவில் இயான் புயலின்போது கடல்நீர் புகுந்த மின்சாரக் கார்கள், தண்ணீர் வடிந்து நாட்கள், வாரங்கள் கழித்தும் எரிந்தன. டிரில் பேட்டரியின் அளவு சிறியது, உள்ளே நடக்கும் சங்கதி ஏறக்குறைய அதேதான். வெயிலில் வைத்தது போதும். பேட்டரி 60 டிகிரிக்கு மேல் சூடாகக் கூடாது, நம் ஊர் வெயிலில் தகரத்தின் மேலோ காருக்குள்ளோ வைத்தால் அந்த அளவைத் தொடுவது சுலபம். அரிசிக்குள் புதைத்து வைப்பதாலும் பிரயோஜனம் இல்லை. நிழலும் ஃபேன் காற்றும் அதைவிட நன்றாகக் காயவைக்கும்.

காயவைத்தால் மட்டும் ஏன் சரியாகாது என்பதைச் சொல்லிவிடுகிறேன், மீதி வேலைக்கெல்லாம் அதுதான் அடிப்படை. கெடுதல் செய்வது தண்ணீரில் கரைந்திருக்கும் உப்புதான். 1.23 வோல்ட்டுக்கு மேல் கிடைத்தாலே தண்ணீர் மின்னாற்பகுப்பு அடைய, அதாவது கரண்டால் பிரியத் தொடங்கும். உங்கள் பேட்டரியில் செல்களை இணைக்கும் பக்கத்துப் பக்கத்து நிக்கல் பட்டைகளுக்கு நடுவிலேயே 3.6 வோல்ட் இருக்கிறது, முதல் பட்டைக்கும் கடைசிப் பட்டைக்கும் நடுவே 18. ஆகவே மூழ்கிய நிமிடத்திலிருந்து பிளஸ் பக்கத்து உலோகம் கரைந்துகொண்டே இருந்திருக்கிறது. செம்பு கரைந்து பச்சைக் களிம்பாகவும், இரும்பு கரைந்து பழுப்புச் சேறாகவும் படியும். தண்ணீர் ஆவியானாலும் உப்பும் களிம்பும் அப்படியே ஒட்டிக்கொண்டிருக்கும். அடுத்த ஈரக்காற்று வந்ததும் அவை ஈரம் இழுத்துக்கொண்டு மறுபடி கரண்டைக் கசியவிடும். இரண்டு வாரம் நன்றாக ஓடிவிட்டுத் திடீரென்று படுக்கிற பேட்டரிகளின் கதை இதுதான்.

எந்தத் தண்ணீர் என்பதும் முக்கியம். கடல்நீர் அல்லது உப்பங்கழித் தண்ணீரில் மூழ்கியிருந்தால் நான் பிரிக்கவே மாட்டேன், நேராகக் கழிவுக்குத்தான். சாக்கடை கலந்த வெள்ளநீரில் ஓர் இரவு கிடந்தது அதற்கு ஒரு படி கீழே: போர்டு பெரும்பாலும் போயிருக்கும், செல்களில் சிலது தப்பியிருக்கலாம். மழையில் நனைந்தது, வாளித் தண்ணீரில் விழுந்து உடனே எடுத்தது போன்றவை நிச்சயம் முயற்சி செய்யத் தகுந்தவை. உங்களுடையது நடுவில் நிற்கிறது. பிரித்துப் பார்த்தால்தான் தெரியும்.

பிரிக்கும் முன் மோதிரம், செயின், உலோக வாட்ச் எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். கண்ணுக்குக் கண்ணாடி, கைக்கு ரப்பர் கையுறை. ஸ்குருடிரைவர் தண்டில் நுனியை மட்டும் விட்டுவிட்டு இன்சுலேஷன் டேப் சுற்றிக்கொள்ளுங்கள். 18 வோல்ட்தானே என்று நினைக்க வேண்டாம். 5 ஆம்பியர்-மணி பேக்கில் 90 வாட்-மணி சக்தி இருக்கிறது, இந்த வகை செல்கள் ஷார்ட்டில் நூறு ஆம்பியருக்கு மேல் கொட்டும். குறுக்கே விழுந்த மோதிரம் பழுக்கக் காய்ந்து விரலோடு ஒட்டிவிடும். பக்கத்தில் ஒரு வாளி மணலும் ஒரு வாளித் தண்ணீரும் இருக்கட்டும்.

பெரும்பாலும் டி10 அளவு டார்க்ஸ் ஸ்குருதான் போட்டிருப்பார்கள். நட்சத்திரப் பள்ளத்தின் நடுவே ஒரு குச்சி நிற்கும் வகை அது, அதனால் நுனியில் ஓட்டை உள்ள பிட் வேண்டும். ஒரு ஸ்குரு பிளாஸ்டிக் மூடிக்கு அடியிலோ ஸ்டிக்கருக்கு அடியிலோ ஒளிந்திருக்கும். தெரிகிறதை மட்டும் கழற்றிவிட்டு நெம்பினால் மூலை உடையும்.

திறந்ததும் எதையும் துடைக்காமல் முதலில் ஒரு போட்டோ எடுங்கள், அப்புறம் அளவு எடுங்கள். 18 வோல்ட் பேக் என்றால் தொடராக ஐந்து பிரிவு. 2 ஆம்பியர்-மணி பேக்கில் பிரிவுக்கு ஒரு செல், 4 அல்லது 5 ஆம்பியர்-மணியில் பொதுவாகப் பிரிவுக்கு இரண்டு செல் இணையாக. ஒவ்வொன்றும் சராசரியில் 3.6 வோல்ட், முழுச் சார்ஜில் 4.2. மொத்தம் முழுச் சார்ஜில் 21 வோல்ட் வரும். ஒரே வகை பேட்டரியில் சிலர் 18 என்றும் சிலர் 20, 21 என்றும் அச்சடிப்பது இதனால்தான். மல்டிமீட்டரை டிசி வோல்ட்டில் வைத்து, ஒவ்வொரு பிரிவையும் தனித்தனியாக நிக்கல் பட்டையின் மேல் தொட்டு அளந்து தாளில் எழுதிக்கொள்ளுங்கள்.

3.71, 3.70, 3.71, 3.70, 3.69 என்று வந்தால் செல்கள் தப்பின, கோளாறு போர்டிலோ டெர்மினலிலோ இருக்கிறது. 3.71, 3.70, 3.68, 3.70, 2.60 என்று வந்தால் ஒரு பிரிவை ஏதோ ஒன்று குடித்திருக்கிறது. அது போர்டில் படிந்த களிம்பாக இருக்கலாம், செல்லே கெட்டிருக்கலாம். 2.5 வரைக்கும் இறங்கியதை மீட்டுப் பார்க்கலாம். 2.0-க்குக் கீழே போன செல்லை நான் வைத்துக்கொள்வதில்லை. அந்த நிலையில் உள்ளிருக்கும் செம்புத் தகடு எலக்ட்ரோலைட்டில் (செல்லுக்குள் இருக்கும் திரவம்) கரையத் தொடங்குகிறது, மறுபடி சார்ஜ் ஏற்றும்போது அந்தச் செம்பு வேண்டாத இடத்தில் உலோகமாகப் படிந்து உள்ளுக்குள்ளேயே ஷார்ட் ஆக்கும். வெளியிலிருந்து பார்த்தால் செல் நன்றாகச் சார்ஜ் ஆனது போலவே இருக்கும், ஆபத்து அதில்தான்.

வோல்டேஜ் மட்டும் போதாது, செல்லைக் கண்ணால் பார்த்தே ஆக வேண்டும். இணையத்தில் பெரும்பாலோர் போர்டைத் தேய்ப்பதிலேயே நின்றுவிடுகிறார்கள். தண்ணீர் பட்ட பேக்கில் நான் அதிக நேரம் செலவிடுவது செல்லின் பிளஸ் முனையில். இந்தப் பேக்குகளில் பொதுவாக இருக்கும் 18650 என்ற அளவு செல் 18 மில்லிமீட்டர் விட்டம், 65 மில்லிமீட்டர் நீளம். அதன் வெளித் தகரம் முழுக்க மைனஸ். பிளஸ் என்பது மேலே தெரியும் சிறு தொப்பி மட்டும்தான். தகரத்தின் விளிம்பு மேலே மடிந்து வந்து அந்தத் தொப்பியைச் சுற்றி நிற்கிறது, இரண்டுக்கும் நடுவே ஒரு குறுகிய பள்ளம், அதில் கசிவைத் தடுக்கும் ஒரு பிளாஸ்டிக் கேஸ்கெட். இதையெல்லாம் மூடியிருப்பது ஒரு காகித வளையமும் மெல்லிய ஷ்ரிங்க் உறையும். பள்ளத்தில் தேங்கிய ஒரு சொட்டுத் தண்ணீருக்கு ஒரு பக்கம் பிளஸ், மறுபக்கம் மைனஸ், நடுவே நாலு வோல்ட். போர்டு காய்ந்து பல நாள் ஆன பிறகும் காகித வளையம் ஈரத்தைப் பிடித்து வைத்திருக்கும். மெல்லிய ட்வீசரால் வளையத்தின் ஓரத்தைத் தூக்கிப் பாருங்கள், ஆனால் ட்வீசர் தொப்பியையும் விளிம்பையும் சேர்த்துத் தொடக் கூடாது, பிளாஸ்டிக் ட்வீசர் கிடைத்தால் நல்லது. வளையத்தின் அடிப்பக்கம் வெள்ளையாக, உலோகம் பளபளப்பாக இருந்தால் சந்தோஷம். லேசான பழுப்புக் கறை மட்டும் இருந்து, துடைத்ததும் கீழே உலோகம் வழவழப்பாக இருந்தால் அதுவும் பரவாயில்லை. துடைத்த இடத்தில் குழி விழுந்திருந்தால், விளிம்பு பொருக்கு விட்டிருந்தால், தொப்பியின் ஓரத்தில் இருக்கும் காற்றுப்போக்கு ஓட்டைகள் துருவால் அடைத்திருந்தால் அந்தச் செல் முடிந்தது. அழுத்தம் கூடினால் வெளியேற வேண்டிய வழி அது. அதை அடைத்துக்கொண்டு ஒரு செல்லைக் கையில் பிடிக்கும் மெஷினில் ஓட்டக் கூடாது.

மூக்கும் உதவும், வேண்டுமென்றே கிட்டே கொண்டுபோய் முகர வேண்டாம். திறந்ததும் நெயில் பாலிஷ் ரிமூவர் மாதிரி இனிப்பான வாடை வந்தால் எலக்ட்ரோலைட் கசிந்திருக்கிறது என்று அர்த்தம். அதிலுள்ள லித்தியம் உப்பு தண்ணீரோடு சேர்ந்தால் ஹைட்ரோஃபுளோரிக் அமிலம் உண்டாகும், தோலுக்கும் நுரையீரலுக்கும் மோசமானது. அப்படி வாடை வந்தால் மூடிவிட்டுத் தள்ளி வையுங்கள். கையில் பட்டிருந்தால் ஓடும் தண்ணீரில் நன்றாகக் கழுவிவிட்டு டாக்டரைப் பாருங்கள்.

செல்கள் தேறினால் போர்டுக்கு வரலாம். கழற்ற முடிகிற வகையாக இருந்தால் கழற்றுவதே நல்லது. சென்ஸ் கம்பிகளையும் (ஒவ்வொரு பிரிவின் வோல்ட்டையும் போர்டு அளக்கும் மெல்லிய கம்பிகள்) பட்டைகளையும் மேலே பிளஸ் பக்கத்திலிருந்து தொடங்கி ஒவ்வொன்றாக எடுத்து, மொத்த மைனஸைக் கடைசியில் எடுங்கள். திருப்பி வைக்கும்போது மைனஸ் முதலில், அப்புறம் கீழிருந்து மேலே. வரிசை மாறினால் சில போர்டுகளில் ஐசி (சிப்) உடனே போய்விடும். எடுத்த முனை ஒவ்வொன்றுக்கும் சூடு தாங்கும் இன்சுலேஷன் டேப்பான கேப்டான் டேப் ஒட்டுங்கள்.

கழற்றிய போர்டை முதலில் டிஸ்டில்டு வாட்டரில் மென்மையான டூத்பிரஷ் வைத்துத் தேய்க்க வேண்டும். இன்வெர்ட்டர் பேட்டரிக்கு ஊற்றுவதற்கு விற்கிறார்களே, அதுவே போதும். நேரடியாக ஆல்கஹாலுக்குப் போய்விடுகிறவர்கள் அதிகம், ஆனால் ஆல்கஹால் உப்பை அவ்வளவாகக் கரைக்காது. உப்பை எடுப்பது தண்ணீர், அந்தத் தண்ணீரை எடுப்பது ஆல்கஹால். அதனால் இரண்டாவது கழுவல் 99 சதவீத ஐசோப்ரோபைல் ஆல்கஹாலில். ஐசி கால்களுக்கு இடையில், கனெக்டருக்கு அடியில், சென்ஸ் பாதைகளில் இருக்கும் சிறு ரெசிஸ்டர்களைச் சுற்றி நன்றாகத் தேயுங்கள். போர்டின் மேல் கோட்டிங் இருந்தாலும் நம்பிவிடாதீர்கள், தண்ணீர் அதன் ஓரத்தில் புகுந்து அடியில் ஊர்ந்திருக்கும். போன் கேமராவில் பெரிதாக்கிப் பார்த்தால் கோட்டிங்குக்கு அடியில் பச்சையாகத் தெரியும் இடங்களைக் கண்டுபிடிக்கலாம், அங்கே கோட்டிங்கைச் சுரண்டி எடுத்துத்தான் சுத்தம் செய்ய வேண்டும். போர்டைக் கழற்றவே முடியாத பேக் என்றால் தண்ணீர் வேண்டாம், கரண்ட் இருக்கும் போர்டு அது. ஆல்கஹாலில் நனைத்த பிரஷ்ஷால் பலமுறை, செல் பக்கம் வடியாதபடி சாய்த்துப் பிடித்துத் தேயுங்கள். ஆல்கஹால் ஆவி முழுக்கப் போகும் வரை சால்டரிங் அயர்னைப் பக்கத்தில் கொண்டுவராதீர்கள்.

சார்ஜர் மறுப்பதற்கு எளிய காரணம் ஒன்று இருக்கலாம், அதையும் பாருங்கள். பேக்குக்குள் வெப்பத்தை அளக்கும் தெர்மிஸ்டர் இருக்கும், பல பேக்குகளில் அது 25 டிகிரியில் 10 கிலோ ஓம் காட்டும் வகை. சூடு ஏற ஏற எண் குறையும், ஆகவே நம் ஊரில் அறை வெப்பத்தில் எட்டு, ஒன்பது கிலோ ஓம் வரலாம். அதன் கம்பி அரித்துப் போயிருந்தாலோ, பின்களுக்கு நடுவே ஈர உப்பு இருந்தாலோ, சார்ஜர் பேட்டரி மிகக் குளிர்ந்திருக்கிறது அல்லது கொதிக்கிறது என்று நினைத்துக்கொண்டு நிறுத்திவிடும். டெர்மினல் பின்களைச் சுத்தம் செய்ததோடு சரியாகிவிடும் பேக்குகளும் இருக்கின்றன.

எல்லாம் காய்ந்ததும் இறங்கிய பிரிவை மட்டும் தனியாக மற்றவற்றின் அளவுக்கு ஏற்றுங்கள். 4.2 வோல்ட்டில் தானே நிற்கும் ஒற்றைச் செல் சார்ஜர் வேண்டும், அல்லது வோல்ட்டும் ஆம்பியரும் கட்டுப்படுத்தும் பவர் சப்ளை. 3.0 வோல்ட் வரைக்கும் மிக மெதுவாக, 2 ஆம்பியர்-மணி செல்லுக்கு 200 மில்லி ஆம்பியர் போதும். கையை அருகில் வைத்துப் பாருங்கள், வெதுவெதுப்பு தெரிந்தாலே நிறுத்திவிடுங்கள். இந்த அளவு கரண்டில் நல்ல செல் சூடாகாது.

அப்புறம் பொறுமைதான் வேலை. போர்டை இணைக்காமல், ஐந்து பிரிவின் வோல்ட்டேஜையும் எழுதி வைத்துவிட்டு இரண்டு வாரம் வெளியிலேயே விடுங்கள். சார்ஜ் ஏற்றிய பிரிவு முதல் நாளில் சற்று இறங்கி நிலைப்படும், அதைக் கணக்கில் எடுக்க வேண்டாம். அதன் பிறகு மற்ற நான்கும் அசையாமல் நிற்க ஒன்று மட்டும் 0.05 வோல்ட் இறங்கினால் அதற்குள் கசிவு இருக்கிறது. இரண்டு செல் இணையாக உள்ள பேக்கில், நல்ல செல் கெட்டதுக்குக் கரண்ட் ஊட்டி அதை மறைத்துக்கொண்டிருக்கும். ஒரு பக்கப் பட்டையை வெட்டி இரண்டையும் பிரித்து அளந்தால்தான் எது என்று தெரியும். இந்தக் காத்திருப்பைத் தவிர்த்துவிட்டு மூடுகிறவர்களுக்குத்தான் பேட்டரி ஒரு மாதத்தில் திரும்பி வருகிறது.

ஒரே ஒரு செல் போனால் அதை மட்டும் மாற்றலாமா என்று அடுத்த கேள்வி வரும். மாற்றலாம், ஆனால் பழைய நான்கோடு புதியது ஒத்துப்போகாது. கொள்ளளவும் உள் தடையும் வேறு வேறாக இருக்க, ஒவ்வொரு முறையும் பலவீனமானதே முதலில் காலியாகும். தண்ணீர் பட்ட பேக்கில் மற்றவற்றின் ஆயுளுக்கும் உத்தரவாதம் இல்லாததால் நான் எல்லாவற்றையும் மாற்றச் சொல்வேன். அதிக கரண்ட் தரும் வகை செல்தான் வேண்டும். சாம்சங் 25ஆர் மாதிரி, 2500 மில்லி ஆம்பியர்-மணி, தொடர்ந்து 20 ஆம்பியர் தருவது. பவர் பேங்க் செல்லைப் போட்டால் டிரில் முக்கும்போதெல்லாம் சூடேறும். 18650 அளவில் 5000, 9900 என்று அச்சடித்து விற்பதெல்லாம் போலி. நல்ல கம்பெனி செல்லே 3500-ஐ ஒட்டித்தான் நிற்கிறது. சமையலறைத் தராசில் வைத்துப் பாருங்கள், அசல் செல் ஏறக்குறைய 45 கிராம் இருக்கும்.

செல் மேல் நேராகச் சால்டர் வைக்காதீர்கள், அந்தச் சூடு கேஸ்கெட்டைக் கெடுக்கும். ஸ்பாட் வெல்டிங்தான் முறை. லேப்டாப் பேட்டரி, இ-பைக் பேட்டரி கட்டித் தருகிற கடைகளில் செய்து தருவார்கள். பிளஸ் முனைக்குப் புதிய பார்லி பேப்பர் (மேலே சொன்ன இன்சுலேஷன் காகிதம்) வளையம் ஒட்டச் சொல்லுங்கள், பழையதைத் திருப்பிப் போட வேண்டாம். எல்லாம் சேர்த்துப் போட்டால் புதிய பேக்கின் விலையை நெருங்கினால் புதியதே வாங்குங்கள். போர்டும் போயிருந்தால் கணக்கே பார்க்க வேண்டாம்.

மூடிய பிறகு முதல் சார்ஜ் வெளியில், பகலில், நீங்கள் பக்கத்தில் இருக்கும்போது. முடிந்ததும் திரும்ப ஐந்து பிரிவையும் அளக்க வசதியாக, ஸ்குருவை முழுக்க இறுக்காமல் வையுங்கள். எல்லாம் 4.1-லிருந்து 4.2-க்குள், ஒன்றுக்கொன்று 0.05-க்கு மேல் வித்தியாசமில்லாமல் நின்றால் வேலைக்கு எடுக்கலாம். முதல் சில வாரம் ராத்திரியில் சார்ஜ் போட்டுவிட்டுத் தூங்கப் போகாதீர்கள்.

அந்தச் சார்ஜரும் அதே தண்ணீரில் கிடந்ததா என்று நீங்கள் சொல்லவில்லை. கிடந்திருந்தால் இனி பிளக்கில் செருகாதீர்கள். அதற்குள் 230 வோல்ட் ஏசி வருகிறது, கெப்பாசிட்டரில் 325 வோல்ட் டிசி வரைக்கும் தேங்கி நிற்கும். பழக்கமில்லாதவர் பிரிக்க வேண்டிய பொருள் அல்ல. நனைந்த சார்ஜரை மாற்றிவிடுவதே சரி.

கழித்த செல்களைக் குப்பைத்தொட்டியில் போடாதீர்கள், லாரியில் நசுங்கினால் அங்கே பற்றும். சார்ஜை இறக்கிவிடலாம் என்று உப்புத் தண்ணீரில் போடும் பழக்கமும் வேண்டாம், மேலே சொன்ன அரிப்பையும் அமிலத்தையும் நாமே வரவழைப்பது அது. பேக் முழுசாக, கசிவில்லாமல், எல்லாப் பிரிவிலும் உயிரோடு இருந்தால், இரண்டு 12 வோல்ட் கார் பல்பைத் தொடராக இணைத்து வெளியில் எரியவிட்டு இறக்கலாம், ஒற்றை பல்பு 18 வோல்ட்டில் பியூஸாகிவிடும். கசிந்ததையும் வீங்கியதையும் அப்படியே விட்டுவிடுங்கள். ஒவ்வொரு முனைக்கும் டேப் ஒட்டி, உலர்ந்த மணல் போட்ட தகர டப்பாவில் மூடியை இறுக்காமல் வைத்து, பேட்டரி வாங்கும் மறுசுழற்சி இடத்திலோ மெஷின் வாங்கிய டீலரிடமோ கொடுங்கள். 2022-ல் வந்த பேட்டரிக் கழிவு மேலாண்மை விதிகளின்படி பழைய பேட்டரியைத் திரும்பச் சேகரிக்கும் பொறுப்பு தயாரிப்பாளருக்கும் இறக்குமதி செய்பவருக்கும் உண்டு, டீலர் தயங்கினால் அதைச் சொல்லியே கேளுங்கள்.